வெறும் சுருள்

பஸ்ஸில் சில்லறை இல்லையென்றாலே புதுப்பட்டினம் ஷாரோனுக்குக் கூச்சத்தில் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவள் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த ஆய்வு மாநாட்டில், இத்தனை விஞ்ஞானிகள் முன்னால், முகம் மாறாமல் பொய் சொன்னாள்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை ஒரு செப்பு உப்புப் படிகத்தோடு. அதற்குள் செப்பு அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் நிற்பதோடு மட்டும் பேச்சுவார்த்தை, அடுத்த வரிசையைக் கண்டுகொள்ளாது. நன்றாகக் குளிரவைத்தால் இவை ஒழுங்காக அடங்குமா, குவாண்டம் குணத்தோடு ஆடிக்கொண்டே இருக்குமா என்பதுதான் கேள்வி. படிகத்தைக் கம்பிச் சுருளுக்குள் ஒட்டி, பெரிய காந்தத்துக்குள் இறக்கி, ரேடியோ அலை கொடுத்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் பதில் அலை அனுப்பும். காந்தங்கள் அடங்கிவிட்டால் திரையில் அந்தப் பதில் அலையின் கோடு இரண்டாகப் பிரியும். ஷாரோனின் கோடு கடைசிவரை பிரியவில்லை. அடங்கவே இல்லை என்று அரங்கில் அறிவித்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மா எழுந்தார். "படிகம் இல்லாம, வெறும் சுருள மட்டும் ஓட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. குளிரவைக்கும் ஹீலியம் தீரப்போகிற அவசரத்தில் அதை விட்டுவிட்டாள். "பாத்தேன்" என்றாள். அவளுடைய வழிகாட்டி கலைவாணன், என் மாணவி அதையெல்லாம் விடமாட்டாள் என்பதுபோல் முன்வரிசையில் தலையசைத்தார்.

மறுவாரம் மனசு கேட்காமல் படிகத்தை எடுத்துவிட்டு ஓட்டினாள். அதே கோடு. ஒட்டிய பசை சுருளிலேயே காய்ந்து கிடந்தது. பசையிலும் ஹைட்ரஜன் உண்டு. இத்தனை நாள் பதில் சொன்னது பசைதான். காந்தங்கள் அடங்கி, படிகத்தின் கோடு பிரிந்து, பரவி, கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

இதற்குள் அவள் அம்மா ரூத், ஞாயிறு ஆராதனையில் மகள் தன் கண்டுபிடிப்பைப் பற்றிச் சாட்சி சொல்வாள் என்று பெயர் கொடுத்துவிட்டாள். கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் எழுந்து சொல்வது அங்கே வழக்கம். தெருமுனையில் ஷாரோன் படத்தோடு பேனரும் கட்டியாகிவிட்டது.

"இன்னா ஒரு மாறி கீற? சந்தோசமா பேசு" என்று ரூத் மகளின் துப்பட்டாவைச் சரிசெய்து அனுப்பினாள்.

சபை முன்னால் ஷாரோன் மைக்கை வாங்கினாள். "நான் கண்டுபுடிச்சது தப்பு. அந்த சிக்னல் பசையிலேர்ந்து வந்துது. சரியா பாத்தேன்னு பொய் சொல்லிகீறேன்."

சபை திருதிருவென்று விழித்தது. பிறகு யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு படித்தும் எத்தனை தாழ்மை என்று போதகர் மெச்சினார். ரூத்துக்கு ஆனந்தக் கண்ணீர்.

ஷாரோன் கூசிப்போனாள். பசைக்கும் படிகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கக்கூடத் தெரியாதவர்களிடம் வந்து பாவத்தை இறக்கிவைத்திருக்கிறாள். நல்ல சாமர்த்தியம்தான். அரங்கில் சொன்ன பொய்யைவிட இது அவளுக்குக் கேவலமாகப் பட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கலைவாணனுக்குப் போன் செய்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையை இன்றைக்கே ஆய்விதழுக்கு அனுப்பப் போகிறாராம். வெறும் சுருளையும் சோதித்தோம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாராம்.

"சரிதானே ஷாரோன்?"

"இல்ல சார். அன்னிக்கு நான் பாக்கல. இப்பதான் பாத்தேன். அது பசை சார்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.