மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்

செம்பூர் வீட்டில் என் கணவர் கடல்நீர்த் தொட்டியில் பவளங்கள் வளர்த்தார். போன மழைக்காலத்தில் அவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து, என்னையே அடையாளம் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"சீக்கிரமா ஏத்தக் கூடாதா டாக்டர்?"

"வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்தும்மா."

வீட்டில் கவனிப்பாரில்லாமல் தொட்டித் தண்ணீரின் காரத்தன்மையும் இறங்கி, பவளங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. மாட்டுங்கா வளர்ப்புமீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"காரத்தை ஏத்துற மருந்தை ஒரேயடியா ஊத்திராதீங்கக்கா. மிச்சமும் செத்துரும்."

தினமும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, "தண்ணி எப்படியிருக்கு?" என்றார்.

பாதிப் பவளங்கள் போய்விட்டிருந்தன. "ஏறிட்டிருக்கு" என்றேன்.

எதையும் ஓடியாடிச் சரிசெய்துவிடலாம் என்று அதுவரை நம்பியிருந்தவள் நான்.