பக்கத்து இருக்கையின் பிரேக்

எங்கள் தெருவில் அம்மாவுக்குக் கார்க்காரம்மா என்று பெயர். தெருவில் வேறு சிலரிடமும் கார் இருந்தது. ஆனால் அவர்கள் காரின் தலையில் மஞ்சள் பலகை கிடையாது. அம்மாவின் பலகையில் 'பெண்களுக்குப் பெண் ஆசிரியர்' என்று எழுதி, அதைவிடப் பெரிதாக அவள் போன் நம்பர் போட்டிருக்கும். உள்ளே, பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஓட்டக் கற்பவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிவாள். அம்மா பக்கத்தில் சினிமா பார்க்க வந்தவள் போல உட்கார்ந்திருப்பாள்.

அந்த பிரேக்கை மிதிப்பதில் அம்மா கில்லாடி. மற்ற ஆசிரியர்கள் சடாரென்று மிதிப்பார்கள், வண்டி குலுங்கி நிற்கும், கற்பவளுக்கு முகம் செத்துப்போகும். அம்மா மிதிப்பது யாருக்குமே தெரியாது. வண்டி தானாக வேகம் குறைவது போல இருக்கும். கற்பவள், தான்தான் சமயத்தில் மிதித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். "பாத்தியா, கரெக்டா நிறுத்திட்ட" என்று அம்மா பாராட்டு வேறு கொடுப்பாள்.

"நீதானே மிதிச்ச?" என்று ஒருநாள் பின் இருக்கையில் இருந்த நான் இறங்கியதும் கேட்டேன்.

"ஆமா. அவளே மிதிச்சதா நெனச்சாத்தான் நாளைக்கு மறுபடி வண்டியத் தொடுவா."

எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவின் இன்னொரு பழக்கம் போன் எடுப்பது. மணி அடித்தால் எடுத்துவிடுவாள், ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டாள். தொழில் அப்படி. எடுத்ததும் "சொல்லுங்க, வண்டி ஓடிட்டிருக்கு, சுருக்கமா சொல்லுங்க" என்பாள். வாய் பழகிப்போய் அடுப்படியில் நிற்கும்போதும் அதையேதான் சொல்வாள். "அம்மா, வண்டி அடுப்பு மேல நிக்குது" என்று நான் கேலி செய்வேன். கரண்டியைக் காட்டி மிரட்டுவாள்.

அப்பா எனக்கு நினைவு தெரிவதற்குச் சற்று முன்பு வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். வாரா வாரம் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனார். பிறகு மாதம் ஒருமுறை வந்தார், பிறகு விசேஷத்துக்கு மட்டும் வந்தார், பிறகு அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை கார் ஓட்டுவது. அதை வைத்து என்னை வளர்த்தாள். குறை சொல்ல முடியாதபடி வளர்த்தாள். அதுதான் என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சல்.

நான் சின்ன வயதிலிருந்தே அட்டையில் வீடு கட்டுவேன். செருப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டி மாடிப்படி வைப்பேன். அம்மா வேலை முடிந்து வரும்போது கடைகளில் கேட்டு அட்டைப் பெட்டி வாங்கி வருவாள். "எம்பொண்ணு ஊருக்கே கட்டடம் கட்டப்போறா" என்று ஓட்டக் கற்க வருகிறவர்களிடமெல்லாம் அளப்பாள். பள்ளி முடிந்ததும், தூரத்து நகரத்தில் இருந்த கட்டடக்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தொடர்புக்கு எந்த நம்பர் கொடுப்பது என்று யோசித்தபோது அம்மாவே சொன்னாள். "என் நம்பரக் குடு. உன் போன் பாதி நேரம் செத்துல்ல கெடக்கு."

தேர்வு எழுதினேன், நேரிலும் போய் வந்தேன். கிடைத்தது காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடம். யாராவது வேண்டாம் என்று விலகினால் போனில் கூப்பிடுவார்களாம்.

அந்தக் காத்திருப்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. அம்மாவின் போன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அம்மாவும் என்னோடு சேர்ந்துதான் காத்திருந்தாள். போனை எப்போதும் சார்ஜில் போட்டு வைத்தாள், குளிக்கப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் நிற்பேன். நான் கேட்பதற்கு முன்பே இல்லையென்று தலையை ஆட்டிவிடுவாள்.

ஒருநாள் நல்ல மழை. அம்மா தொப்பலாக நனைந்து வந்தாள். ஆனால் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை மடித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு சொட்டுகூடப் படாமல் கொண்டுவந்திருந்தாள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, கெட்டியான அட்டை.

"போன் வந்துச்சாம்மா?"

"வரலடா கண்ணு. இந்தா, உனக்குத்தான்."

நான் அவளுக்குத் தலை துவட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை மாற்றினாள். எதையும் வற்புறுத்தவில்லை. இங்கே இருக்கிற கல்லூரியிலும் எதற்கும் பெயரைக் கொடுத்து வைக்கலாமே என்றாள். தனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அங்கே வணிகவியல் படித்துப் பெரிய வேலையில் இருப்பதாகச் சொன்னாள். நானே கட்டடக்கலைக் கல்லூரிக்குப் போன் செய்து கேட்கிறேன் என்றதற்கு, "நச்சரிச்சா பேரத் தூக்கிடுவாங்க, பாத்துக்க" என்றாள். அந்த ஒரு பேச்சில் பயந்து வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஒரு காலை நானே சொன்னேன்.

"இனிமே வராதும்மா. நான் இங்கயே சேந்துக்கறேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன்."

"உன் இஷ்டம்" என்றாள். தட்டில் எனக்கு இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

வணிகவியலில் நான் மோசமில்லை. பிடிக்காத பாடத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன். கடைசி வருடம் படிக்கும்போது, போகிற வழியில் என்னைக் கல்லூரியில் இறக்கிவிடுவதற்காக அம்மா ஒரு காலை காரில் ஏற்றிக்கொண்டாள். ஓட்டியவள் புதிதாகக் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த ஒரு பெண். நன்றாகப் பேசுவாள், ஓட்டத்தான் வராது. பின்னால் உட்கார்ந்த என்னையும் ஓட்டக் கற்க வந்தவள் என்றே நினைத்துக்கொண்டாள். கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது.

"சொல்லுங்க, வண்டி ஓடிட்டிருக்கு, சுருக்கமா சொல்லுங்க."

அம்மா பேசி முடித்ததும் அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், நீங்களா அது? நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு காலேஜ் ஆபீஸ்ல வேல பாத்தேன். வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குப் போன் பண்றது என் வேல. நீங்க இப்படித்தான் எடுத்தீங்க. நாங்க ஆபீஸ்ல அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

அம்மா போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"சீட் இருக்குன்னு சொன்னா எல்லாரும் அழுவாங்க, சாமி கும்புடுவாங்க. பொண்ணு வேற எடத்துல சேந்துட்டா, வேணாம்னு பட்டுனு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். அன்னைக்கு மழ வேற. வைப்பர் சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு. பொண்ணு இப்ப எங்க படிக்கறா மேடம்?"

கார் சடாரென்று நின்றது. நான் முன் இருக்கையில் போய் முட்டிக்கொண்டேன். முன்னால் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அம்மா எல்லோருக்கும் தெரியும்படி மிதித்தது அந்த ஒருமுறைதான்.

நான் இறங்கி நடந்தேன். கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா கொண்டுவந்த ஃபிரிட்ஜ் பெட்டியில் நான் கட்டிவைத்திருந்த மூன்று மாடி வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை துவட்டிவிட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. இடம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகும் தினம் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாளே, நல்லா யோசிச்சியா என்று கேட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானாக எடுத்த முடிவு என்று மூன்று வருடம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

மத்தியானம் அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். முதலில் தூரம் என்றாள். பிறகு ஹாஸ்டல் சாப்பாடு என்றாள். நான் அட்டை வீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போறவங்க எல்லாரும் வாரா வாரம் வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க" என்றாள்.

"நான் அப்பா இல்லம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவள் அழுதிருந்தால் நானும் அழுது கட்டிப்பிடித்திருப்பேனோ என்னவோ. அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

நான் வீட்டைவிட்டுப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று தோழிகள் சொல்வார்கள். போனால் அவள் சொன்னது சரியாகிவிடும் என்ற வீம்பு ஒன்று எனக்குள் இருந்தது. போகாமல் இருந்ததால் அவள் நினைத்தது நடந்துவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதுவேன். அம்மாவும் நானும் பேசிக்கொள்கிறோம், சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் அவள் போன் அடித்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்ததும் தொழிலை விட்டுவிட்டாள். மஞ்சள் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறாள். போன வாரம் அவளைக் கண் மருத்துவரிடம் என் காரில் அழைத்துப்போனேன். சாதாரணக் கார், பிரேக் என் பக்கம் மட்டும்தான். பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"அந்தப் போன் இப்ப வந்தா என்னம்மா சொல்லுவ?"

பொய் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோட்டையே பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அதேதான் சொல்லுவேன். நீ என்கூடத்தானே இருக்க."

முன்னால் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். கார் குலுங்காமல், சத்தமில்லாமல் நின்றது.

"பாத்தியா, கரெக்டா நிறுத்திட்ட" என்றாள் அம்மா.

அவள் வலது கால் தரையில் கிடந்த கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே வேறு எதுவும் இல்லை, மிதித்தது நான்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.