சோறு கேட்ட காட்சி

நாடகத்தில் சாப்பிடுகிற காட்சி வந்தால், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பின்னாளில் நான் நடித்த ஆண்டுகள் முழுக்க அப்படித்தான். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் காரணம் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காரைக்காலை அடுத்த பட்டினத்துக் கடற்கரையில் எங்கள் தெரு. அப்பா போன பிறகு அண்ணன் கடலுக்குப் போய்த்தான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தான். நகராட்சி அலுவலகத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிரெஞ்சு வழக்கில் 'மேரி' என்பார்கள். "எந்தம்பி மேரியில நாற்காலி போட்டு ஒக்காருவான், பாருங்க" என்று வலை காயப்போடும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். நான் நாடகத்தில் சேர்ந்தது தெரிந்தும் கோபப்படவில்லை. "ராசா வேசமா கட்டுடா. மீன்காரன் வேசம் கட்டத்தான் நாங்க இருக்கோமே" என்று சிரித்தான்.

ஓர் ஐப்பசியில், தனியாகப் போன அண்ணனின் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

உடல் ஒதுங்காதவரை எங்கள் தெருவில் அழ மாட்டார்கள். அழுதால் வருகிறவனுக்கு வழி அடைத்துவிடும் என்று நம்பிக்கை. காற்று இழுத்துப்போய் இலங்கைக் கரையில் தள்ளி, பல மாதம் கழித்து வீடு வந்தவர்களும் இருந்தார்கள். அதனால் அண்ணி பொட்டும் பூவும் வைத்துக்கொண்டே மீன்கூடை தூக்கினார். யாராவது துக்கம் கேட்டால் அம்மா சண்டைக்குப் போவாள். "என்ன துக்கம்? எம்புள்ள யாழ்ப்பாணத்துல கெடக்கான். ஒன் வேலையப் பாரு."

எங்கள் நாடகக் குழுவை நடத்தியவர் ஒரு விரிவுரையாளர். எழுதி வைத்த வசனம் எதுவும் தரமாட்டார். ஒரு சூழலைச் சொல்வார். மற்றதை நாங்கள் அங்கேயே பேசிக் கட்ட வேண்டும். "எதிர்ல இருக்கறவன் எதக் குடுத்தாலும் வாங்கிக்க. மறுத்தா காட்சி செத்துடும்." அவரிடம் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அடுத்து வந்த மாசிமகத்துக்கு மறுநாள். பெருமாள் தீர்த்தவாரி முடித்துப் போன பந்தல் மணலில் அப்படியே நின்றது. வெயில் தாழ எங்கள் நாடகம். அம்மாவும் அண்ணியும் நான் நடித்து அதுவரை பார்த்ததில்லை. வந்திருந்தார்கள். விரிவுரையாளர் கொடுத்த சூழல்: கடலிலிருந்து ஒருவன் பசியோடு வீடு வருகிறான், வீட்டில் சோறு இல்லை. அவன் நான். பெண்டாட்டி, தருமபுரத்திலிருந்து வரும் என் நண்பன். சேலை கட்டிக்கொண்டு அவன் இடுப்பை ஆட்டி வந்ததும், "அடியே, மீசைய எடுத்துட்டு வாடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பந்தலே சிரித்தது.

அண்ணனாக நடிக்க நான் நினைக்கவில்லை. மீன்காரன் எப்படி வீட்டுக்குள் வருவான் என்று என் உடம்பைக் கேட்டேன். அதற்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான். இரண்டு தடவை செருமினேன். இடது தோளைத் தூக்கி, பார்க்காமலே துண்டைக் கொடியில் எறிந்தேன். "ஏ புள்ள, சோத்தப் போடு. கொல பட்டினி" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"சோறு இல்லீங்களே" என்றான் நண்பன்.

சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த தெருக்காரப் பெரியம்மா எழுந்துவிட்டார்.

"ஆத்தாடி, மூத்தவன் எறங்கிட்டான்டி!"

எழுதாத பேச்சை ஒருவன் தானாகப் பேசி எங்கள் ஜனங்கள் பார்த்தது, சாமியோ செத்தவரோ மேலே இறங்கும்போதுதான். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? யாரோ ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்கள். அம்மா கைகூப்பி வந்தாள். "எப்பா, எங்கப்பா கெடக்குற? சொல்லுப்பா, ஆள அனுப்புறேன்."

"விடாத, அப்படியே போ" என்றார் விரிவுரையாளர் ஓரத்திலிருந்து.

அண்ணி பந்தல்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது.

"கேக்காதீங்க அத்த. உசுரோட இருந்தா எப்புடி எறங்குவாங்க?"

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அழாததையெல்லாம் தெருவே சேர்ந்து அழுதது. நான் குனிந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நாந்தாம்மா, சின்னவன். நடிச்சேம்மா. வெறும் நடிப்பு."

"மலையேறிட்டான்" என்றார் பெரியம்மா. "எறங்குனது போயிட்டா இவனுக்கு என்ன தெரியும்? எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவாங்க."

எத்தனை வீடு ஏறிச் சொன்னாலும் அது அவர் பேச்சையே உறுதி செய்தது. காரியம் நடந்தது. மொட்டை போட்டுக்கொண்டு கடலில் இறங்கியவன் நான். அண்ணியின் தாலி அன்றைக்குக் கழன்றது. விரிவுரையாளர் துக்கத்துக்கு வந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாதிரி நடிப்ப நான் பாத்ததே இல்லப்பா" என்றார். நல்ல மனிதர்.

மாதம் திரும்பியதும் அண்ணியை அழைத்துப்போக அவருடைய தம்பி வந்தான். துணிப்பை வாசலில் இருந்தது. அண்ணி மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை.

"உக்காருங்க தம்பி" என்றார் என்னிடம்.

இலையில் சோறும் வஞ்சிரக் குழம்பும். மத்தியானம்கூட ஆகவில்லை, பசியும் இல்லை.

"இப்ப எதுக்கு அண்ணி?"

"அன்னிக்கி சோறு கேட்டாங்க. அந்தத் தருமபுரத்துப் பய இல்லன்னுட்டான்." பொட்டில்லாத நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். "பசியோடவே போயிட்டாங்க தம்பி. எனக்குப் படுத்தா அதான் வருது."

அது நான்தான் அண்ணி என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன்.

உட்கார்ந்தேன். இரண்டு தடவை செருமினேன். அண்ணன் செய்வதுபோல் சோற்றை முதலில் இலையின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, குழம்பை மறுபக்கம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன். அண்ணி ஊற்றினார். வாசலில் அவர் தம்பி, பஸ் போய்விடும் என்று குரல் கொடுத்தான். "இருடா, சாப்புடுறாங்க" என்றார் அண்ணி.

"இன்னும் கொஞ்சம் போடு, புள்ள" என்றேன்.