டயருக்குத் தடவிய புங்கெண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு டயர் வாங்குவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய காரியம். என்னைப் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் சரி என்று எழுந்தவர்தான். ஆனால் இரண்டு டயர்களைத் தேர்ந்தெடுக்கச் சேலத்துக் கடையில் அரை நாள் உட்கார்ந்தார். அஸ்தம்பட்டியில் இருந்த என் தங்கையைப் பார்க்கலாம் என்று ஆசையாகக் கூடப் போன நான், அவள் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு ரப்பர் வருவது நின்றுபோய், டயர் வேண்டுமென்றால் சர்க்கார் பெர்மிட் வேண்டும் என்றாகிவிட்டது. எங்களுடையது சின்ன லாரி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த மரப்பெட்டி. நாமக்கல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டுச் சேலத்தில் நூல் ஏற்றி, இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் இறக்கிவிட்டு, சேலை மூட்டைகளோடு வருவார். முன் சக்கரம் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து உள்ளே துணி தெரிய ஆரம்பித்திருந்தது. ஆபீசுக்கு நடையாய் நடந்து இரண்டே இரண்டு டயருக்கு பெர்மிட் வாங்கியிருந்தார்.

கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் கொடுத்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயிலில் கிடந்த சரக்கு என்று இவர் தள்ளி வைத்தார். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்ததை நகத்தால் கீறிக் காட்டினார். அடுத்தது, பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. அதைப் பின் சக்கரத்துக்குப் போடலாம், முன்னால் போட்டால் என் பெண்டாட்டி தாலி அறுக்க வேண்டியதுதான் என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது டயருக்குள் கையை விட்டுத் துழாவி, உள்ளே நூல் பிரிந்திருக்கிறதா என்று சுற்று முழுவதும் தடவினார். ஓரத்தில் அச்சடித்திருந்த அளவு எண்ணை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதே எண், அதே ஜாதியில் இன்னொன்று இருந்தால்தான் எடுப்பேன் என்றார்.

"ஜோடி ஒண்ணாட்டம் இருக்கோணுமுங்க. ஒண்ணு ஒசரம், ஒண்ணு மட்டம்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். முன்னால வெடிச்சா ஸ்டீரிங்கு கைய உட்டுப் போயிருமுங்க" என்று கடைக்காரருக்கே பாடம் நடத்தினார். டயரோடு பிறந்து டயரோடு வளர்ந்தவரைப் போன்ற பேச்சு. கடைக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கு இவரைவிட எத்தனை மடங்கு தெரிந்திருக்கும் என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. ஒருவிதப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டயர்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினோம். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

எங்கள் அப்பா வீட்டில், கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைக்கும் சாலுக்கு அடியில் தோலால் ஆன நீண்ட வால் ஒன்று இருக்கும். அந்தத் தோல் காய்ந்து வெடித்தால் தண்ணீர் பாதிக் கிணற்றிலேயே ஒழுகிப் போகும். அதனால் அதற்குப் புங்கெண்ணெய் போட்டுப் பதமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆகும்வரை அது என் வேலை. வெயில் பட்டு வெடித்த டயரை இவர் கடையில் நகத்தால் கீறிக் காட்டினாரே, அப்போதே எனக்குள் கணக்கு ஓடிவிட்டது. தோலுக்கு ஆவது ரப்பருக்கு ஆகாமலா போகும்? இந்த டயர் போனால் அடுத்த பெர்மிட் எந்தக் காலத்திலோ. ஆகவே வண்டி வந்து நிற்கும் சாயங்காலங்களில், அவர் குளிக்கப் போனதும், கொட்டாங்குச்சியில் புங்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு போய் முன் டயர் இரண்டையும் பழந்துணியால் நன்றாகத் தேய்த்துவிடுவேன். தரையில் படும் பட்டையில் தேய்த்தால் வழுக்கும் என்பது தெரிந்து, பக்கங்களில் மட்டும் தேய்த்தேன். அந்த அளவுக்கு நான் புத்திசாலி.

இரண்டு மாதம் இப்படி நடந்தது. டயர் எருமைக்கன்று போலப் பளபளவென்று இருந்தது. ஒருநாள் கட்டைவிரலால் அழுத்தினேன். மெத்தென்று உள்ளே போயிற்று. பதம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை தம்மம்பட்டிக்குப் பயணம். பக்கத்துக் காட்டில் பயிர் செய்கிறவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பச்சைக் குழந்தையைப் பஸ்ஸில் இடிபட வைத்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், நம் வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார்கள். இவர் மறுக்கவில்லை. குழந்தையும் தாயும் முன்னால். பெற்றவர்கள், சித்தி, சித்தப்பா, சீர்ச்சாமான்கள் எல்லாம் பின்னால். கிளம்புமுன் வழக்கப்படி நான்கு சக்கரத்தையும் கட்டையால் தட்டி, சத்தம் கேட்டுக் காற்றுச் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். நான் குழந்தைக்குக் கன்னத்தில் மையிட்டு அனுப்பினேன்.

வெயில் ஏறிய பிறகு சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஒட்டுப் போடுவதற்குப் பழைய டியூப் துண்டு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர், வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெயும் கொட்டாங்குச்சியும் இருப்பதைப் பார்த்தார்.

"இதென்னத்துக்குங்க அம்மிணி?"

பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"அய்யோ சாமி! ரப்பருக்கு எண்ணெ ஆகவே ஆகாதுங்க. என்ற கடையில புது டியூப் ஒண்ணு கடலெண்ணெ டின்னுக்குள்ள உழுந்து போச்சு. நாலு நாளு கழிச்சு எடுத்துப் பாத்தா, ஊறப்போட்ட மொச்சக்கொட்டையாட்டம் ஊதிக் கெடந்துச்சு. இழுத்தேன், கையோட வந்துருச்சுங்க" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வண்டி எங்கீங்க போயிருக்குது?"

தம்மம்பட்டிக்கு என்றேன். ராசிபுரம் தாண்டி, நாமகிரிப்பேட்டை தாண்டி, மலையடிவாரத்தில் வளைந்து வளைந்து இறங்கும் அந்த ரோடு மட்டும் கண்ணுக்குள் ஓடியது. முன்னால் வெடித்தால் ஸ்டீரிங் கையை விட்டுப் போய்விடும் என்று அவர் கடையில் சொன்னது காதுக்குள் கேட்டது. முன் சீட்டில் மூன்று மாதக் குழந்தை. முந்தின நாள் என் கட்டைவிரல் உள்ளே போன அந்த மெத்தென்ற இடம் விரலிலேயே இருந்தது.

வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அரை மைல் இருக்கும். வண்டி கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ராசிபுரம் போகிற பஸ்ஸை நடு ரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் என்னைத் திட்ட வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கள் வண்டியை எங்கே பார்த்தாலும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், டயர் கெட்டுப் போயிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். யார் கெடுத்தது என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். அடுப்பில் உலை வைத்தேன். அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். மறுபடியும் ரோட்டுக்குப் போனேன். எதிரே ராசிபுரத்திலிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர் எதையும் பார்க்கவில்லை என்றார். பார்க்கவில்லை என்றால் நல்லதா கெட்டதா? திரும்பி வந்து சோற்றை வடித்தேன். குழைந்து போயிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதை மறந்து இரண்டாம் தரம் காட்டினேன். மாடு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கோயிலுக்கு வேண்டிக்கொள்ளலாம் என்று கையைக் கூப்பினால், உள்ளங்கையில் புங்கெண்ணெய் வாடை. மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை.

உச்சி சாய்ந்தபோது மூன்றாம் தரம் ரோட்டுக்குப் போனேன். அப்போது தம்மம்பட்டியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர், நான் கேட்கும் முன்பே படியில் நின்றபடி சத்தம் போட்டார்.

"அக்கா, உங்க வண்டி நாமகிரிப்பேட்டையத் தாண்டிப் புளியமரத்தடியில நிக்குதுங்க. எல்லாரும் கீழ எறங்கி நிக்கறாங்க. உங்க ஊட்டுக்காரரு குத்த வெச்சு டயரப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"கொழந்தை?"

"அழுதுக்கிட்டு இருந்துச்சுங்க."

ஒரு குழந்தை அழுகிறது என்று கேட்டு அத்தனை சந்தோஷப்பட்டவள் என்னைத் தவிர உலகத்தில் இருக்க மாட்டாள். அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

மாடு கறக்கும் நேரத்துக்கு வண்டி வந்தது. மாட்டு வண்டி போகிற வேகம்தான். ஆளில்லை, பாரமில்லை. முன்னால் புது டயர் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் ஸ்டெப்னி, மறுபக்கம் பின்னாலிருந்து எடுத்து மாட்டிய பழைய டயர். புது டயர்களில் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. மற்றது பின் சக்கரத்தில் நசநசவென்று மண் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"வண்டி சூடாவ ஆவப் புங்கெண்ணெ வாடை வந்துருக்குது" என்றார் இறங்கியதும். "பிள்ளை பெத்த பொண்ணு இல்லையா, அவளுக்குத்தான் முதல்ல மூக்குல ஏறுச்சு. கொமட்டுது, நிறுத்துங்கண்ணான்னா. அவ வாந்தி எடுக்கறதுக்கு நிறுத்தி, எறங்கிப் பாத்தேன் புள்ள. இன்னும் ஒரு மைல் போயிருந்தா எறக்கம்." அவர்களை இரண்டு மாட்டு வண்டி பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான், இரண்டு மாதமாக, சாயங்காலமானால் நான்தான் என்றேன். அடித்தாலும் சரி என்று நின்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் புள்ள" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. வாடை தெரியாதா எனக்கு? நல்லதோ கெட்டதோன்னு ஒரு ரோசனை இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. சேலம் போறப்பல்லாம் அந்தக் கடைக்காரரக் கேக்கோணும்னு நெனப்பேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு அவருகிட்ட அவ்வளவு பேசிப்போட்டு, இதக் கூடத் தெரியாம எப்படிப் போய்க் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்த ஆத்திரம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் கீழே விழுந்துவிடுமா? வெட்கமாம் வெட்கம்! ஒரு குழந்தையின் உயிரைவிடவா உங்களுக்கு வெட்கம் பெரிதாகப் போய்விட்டது? கையில் பால் செம்போடு நான் கத்திய கத்தல் நாலு காடு தாண்டிக் கேட்டிருக்கும். மறுநாளே அவர் சேலத்துக் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். எண்ணெய் படாமல் துடைத்து, சுத்தத் தண்ணீரில் கழுவினால் போதும், வேறு எதுவும் டயருக்கு வேண்டாம் என்று சொன்னாராம். சிரிக்கவும் இல்லையாம்.

அடுத்த மாரியம்மன் நோன்புக்கு அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வந்தாள். குழந்தை தத்தித் தத்தி நடந்தது. நேரே எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தையும் வைத்து, எங்கள் இருவர் காலிலும் விழுந்தாள்.

"அண்ணன் மட்டும் அன்னிக்கு எறங்கி டயரப் பாக்காம உட்டிருந்தா எங்களுக்கு இந்தக் கொழந்தை ஏதுங்கக்கா? கடைக்காரன் எந்தப் பாவி ஊட்டுச் சரக்கத் தலையில கட்டுனானோ, அவன் நல்லா இருப்பானா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். சொல்வதென்றால் நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டுப் பார்த்தார். அந்தக் கடைக்காரர் முகம் எனக்கு நினைவில் இருந்தது. உண்மை வாய்வரை வந்துவிட்டது. குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதை வாங்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, காப்பி குடிக்கிறாயா என்று அவளைக் கேட்டேன்.