மைக்கில் நான் சொன்ன பெயர்

என் மகள் செல்போனில், முகம் தெரியாதவர்களோடு மைக்கில் பேசியபடி துப்பாக்கிச் சண்டை விளையாடுவாள். அதில் அவளுக்கு வேறு பெயர். ஒருநாள், பேசுவது பெண் என்று தெரிந்ததும் கூட ஆடிய பையன்கள் ஆபாசமாகத் திட்டியது எனக்குக் கேட்டது. எங்கள் ஊர்ச் சண்டையில் யார் வீட்டுப் பெண் என்று சொன்னாலே எதிராளி அடங்கிவிடுவான். போனைப் பிடுங்கிக் கத்தினேன்: "யார்கிட்ட இன்னா பேசிக்கினு இருக்க? வடக்கனந்தல் ஏழுமலை பொண்ணு சங்கீதாடா அவ!"

"ஐயோ, பேரு ஊரு எல்லாத்தையும் சொல்லிட்டியேம்மா!" என்று மகள் அலறினாள்.

இரண்டே நாளில் அவள் படத்தைத் தேடியெடுத்து, அசிங்கமாக மாற்றிப் பரப்பினார்கள். புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லும் முன், "மைக் ஆஃப்ல இருக்குதா?" என்று கேட்டுவிடுகிறேன். அவள் விளையாட்டையே விட்டுவிட்டாள் என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது.