இடம் விடாத மீன்கள்

சின்னம்மா பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். அவருடைய மடிக்கணினிக்கு எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்கு அடுத்த மரியாதை. கை கழுவாமல் தொட முடியாது. விடுமுறைக்குத் தொண்டைமானாற்றுக்கு வந்திருந்த அவர், ஒரு பின்னேரம் என்னையும் தம்பியையும் பாயில் இருத்தி அதைத் திறந்தார். அதில் ஒரு விளையாட்டு: ஒரே உருவத்தை அடுக்கித் திரை முழுவதையும் நிரப்பவேண்டும்.

“ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறக்கூடாது. நடுவிலை இடமும் விடக்கூடாது. இதுதான் தெசலாக்கம்.”

தம்பியின் அறுகோணிகள் தேன்கூடு மாதிரி உடனே பொருந்திக்கொண்டன. நான் ஐங்கோணியை எடுத்தேன். எப்படித் திருப்பினாலும் ஒரு மூலையில் வாய் பிளந்தது.

“உந்தக் கொம்பியூட்டர் பழுது” என்றேன். அழுகை வந்துவிட்டது.

சின்னம்மா சிரிக்கவில்லை. ஒரு சதுரத்தைப் போட்டு, இடப்பக்கம் வெட்டிய துண்டை வலப்பக்கம் ஒட்டக் காட்டித் தந்தார். வெட்டி வெட்டி ஒட்டினேன். சதுரத்துக்கு வால் முளைத்தது, வாய் வந்தது. கண்ணும் வைத்தேன். மீன்! ஒன்றின் வாலுக்குள் அடுத்ததன் வாய் அச்சாகப் போய் இருந்தது.

முற்றத்தில் நின்ற அப்பாவைக் கையில் பிடித்து இழுத்து வந்தேன். அப்பா கடற்றொழிலாளி. இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போன பிறகு அவர் அதிகம் கதைப்பதில்லை. அன்று பருத்தித்துறையிலிருந்து யாரோ ஒருவர் வந்து வேலிப் படலையடியில் நின்றார். அவரை நான் கவனிக்கவேயில்லை.

அப்பா குனிந்து பார்த்தார்.

“தண்ணி எங்கை பிள்ளை?”

“தண்ணி விட்டா இடம் வந்திடும் அப்பா. அது பிழை.”

“ஓம், அதுவும் சரிதான்” என்று பாயில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். ஒரு பொத்தானை அமத்தினால் புதிய வரிசை மீன்கள் வரும். அப்பா அமத்தினார். திரும்பவும் அமத்தினார். மீன்கள் சிறுத்துச் சிறுத்துத் திரையெல்லாம் பெருகின.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். “அந்த மனிசன் எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நிக்கிறது? வாங்கோவன்.”

“வாறன், வாறன். இன்னும் கொஞ்சம் இடம் கிடக்கு.”

அம்மா பிறகு கூப்பிடவில்லை. சின்னம்மா எழுந்து அம்மாவிடம் போனார். அப்பா கடைசி மூலையையும் நிரப்பிவிட்டு, என் தலையைத் தடவி, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு படலையடிக்கு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வள்ளத்தையும் எஞ்சினையும் அந்த மனிதர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

என் மீன்களில் அப்பா அவ்வளவு மயங்கிப்போனார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.