வாப்பாவுக்கு முன்னால் சுற்றிய வட்டம்

வாப்பாவின் ஒரு கண்ணை நீரிழிவு என்கிற சீனி வருத்தம் முழுதாகத் தின்றுவிட்டது. மற்றக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அதுவும் அதிக நாளைக்கு இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வாப்பாவுக்கு ஒரே ஆசைதான். கட்டாரில் லொறி ஓட்டும் மூத்த மகனின், என் காக்காவின், முகத்தைப் பார்த்துவிட வேண்டும். காக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஃபோனைக் காட்டினால் வாப்பா எரிந்து விழுவார். "இந்தக் கையளவுக்குள்ள எனக்கு என்ன விளங்கும்?" என்பார். அதனால் காக்கா முன்பு லீவில் வந்தபோது வாங்கி வைத்த பெரிய திரைக் கணினியைத் துடைத்து எடுத்தோம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், இங்கே அஸர் தொழுகைக்குச் சற்று முன். காக்கா கூப்பிடக்கூடிய நேரம் அது மட்டும்தான்.

வாப்பாவைக் கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் வைப்பதே பெரும்பாடு. காலில் புண். தொட்டாலே துடிப்பார். அப்படி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டால் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மத்தியானம் ஸுஹர் தொழுத கையோடு முன்கூட்டியே போட்டும் பார்த்தேன். அப்படியும் காக்கா கூப்பிடும்போது அவர் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். குரல் மட்டும் வரும். "நாளைக்குப் பாப்பம் வாப்பா" என்று வைத்துவிடுவார். அந்தப் பெட்டியைத் தூக்கி வாவியில் எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வரும். கிழமைக் கணக்கில் இப்படியே போனது.

கடைசியில் கல்லடியில் இருந்து கணினி திருத்தும் ஒருவரைக் கூப்பிட்டேன். வைரஸ் தடுக்கும் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, போட்ட உடனே இது அப்டேட் இறக்கத் தொடங்குது. நெட் முழுக்க அதுக்கே போகுது. முடியிறதுக்கு முதல் நிண்டு போய், அடுத்த நாள் திரும்பவும் முதல்ல இருந்து. ஆர் இதை இடையில நிப்பாட்டுற?"

உம்மா கதவடியில் நின்றிருந்தார். "நான்தான் தம்பி. பிளக்கைக் கழட்டிப் போடுவன். இடி முழக்கத்துக்க வெச்சிருக்கவா சொல்றீங்க?"

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மாரியில் வாவிக்கு மேலே மின்னினால் எல்லா வீட்டிலும் கை பிளக்குக்குத்தான் போகும். பக்கத்து வீட்டு டிவி ஒரே இடியில் கருகியதில் இருந்து, வானம் கறுத்தாலே உம்மா கழற்றிவிடுவார். மகன் வெயிலில் வெந்து வாங்கிய பொருளாயிற்றே.

"இண்டைக்கு மட்டும், முடியிற வரைக்கும் கழட்டாதீங்க அம்மா" என்றார் அவர். "இனிமேல் கோல் பேசி முடிஞ்ச பிறகு அப்டேட் வாற மாதிரி நேரத்தை மாத்தி விட்டிருக்கன்."

அன்று பின்னேரமே வானம் முழங்கியது. உம்மா பிளக்குக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முழக்கத்துக்கும் ஓதினார். கை மட்டும் போகவில்லை. கட்டிலில் இருந்து வாப்பா "முடிஞ்சிதா, முடிஞ்சிதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்தது.

மறுநாள் கணினி சட்டென்று திறந்தது. காக்காவின் முகம் திரை நிறைய, துளியும் உடையாமல் வந்தது. தின்று தின்று கன்னம் இரண்டும் உப்பி, நாடிக்குக் கீழே இன்னொரு நாடி வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாப்பா, பாருங்க!" என்று கத்தினேன்.

வாப்பா சிரித்தார். அவர் முகம் திரைப் பக்கம் இல்லை. வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் சற்றுத் திரும்பியிருந்தது.

"மெலிஞ்சி போயிட்டியே மகன். ஒழுங்காச் சாப்பிடுறல்லயா?"

உம்மா என் கையைப் பிடித்தார். அந்தக் கண்ணும் போயிருந்தது. வட்டம் சுற்றிய நாட்களில் எந்த நாளில் போனதென்று எங்களுக்குத் தெரியாது. வாப்பா சொல்லவும் இல்லை.

காக்கா வாயருகே கொண்டுபோன சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஓம் வாப்பா" என்றார். "கொஞ்சம் மெலிஞ்சிட்டன்தான்."